சிவப்புப் பக்கம் வந்தால் என்ன செய்வது?

(உயர்தொழில்நுட்ப ஆய்வகப் பொறுப்பாசிரியர்களுக்கும் ஸ்மார்ட் வகுப்பறைப் பொறுப்பாசிரியர்களுக்கும் நடந்த பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘இணைய வடிகட்டியும் ப்ராக்ஸியும்’. தலைப்பைத் திரையில் போட்டதுமே, தேநீர் இடைவேளை எத்தனை மணிக்கு என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. பயப்படாதீர்கள். நான் கணினி ஆசிரியர் இல்லை. அறிவியல் எடுக்கும் பட்டதாரி ஆசிரியர். பள்ளியில் ஆய்வகச் சாவி என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான். சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தானே எல்லாரும் வந்து, “டீச்சர், சைட் ஓப்பன் ஆகல” என்று நிற்பார்கள்? அப்படி வந்து நின்றவர்களால் கற்றுக்கொண்டதைத்தான் இன்று சொல்லப்போகிறேன். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்கள் பள்ளிகளுக்கும் ஸ்மார்ட் பலகை வந்துவிட்டதால் இது உங்கள் பாடமும்தான்.

“சைட் ஓப்பன் ஆகல” என்பது, மருத்துவரிடம் போய் “உடம்பு சரியில்லை” என்று சொல்வதைப் போன்றது. காய்ச்சலா, வயிற்று வலியா, கால் சுளுக்கா என்பது அதில் தெரியாது. ஒரு தளம் திறக்காமல் போக நூறு காரணங்கள் உண்டு. அதில் ஒன்றுதான் தடுப்பு. தடுக்கப்படாத தளத்தைத் தடுத்துவிட்டார்கள் என்று புகார் எழுதினால், அந்தப் பக்கம் இருப்பவர் சோதித்துப் பார்த்து, “இங்கே திறக்கிறதே” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். நமக்கும் அலுப்பு, அவருக்கும் அலுப்பு. அடுத்த முறை உண்மையிலேயே தடுப்பு இருந்தாலும் நம் கடிதத்தை அவர் பொறுமையாகப் படிக்கமாட்டார்.

அதனால் முதலில் ப்ராக்ஸி என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். பழைய நூலகங்களில் வாசகரை அலமாரிக்குப் போக விடமாட்டார்கள். சீட்டில் புத்தகத்தின் பெயரை எழுதிக் கொடுத்தால் உதவியாளர் உள்ளே போய் எடுத்து வந்து தருவார். ப்ராக்ஸி அந்த உதவியாளர். நம் ஆய்வகக் கணினி நேராக இணையத்துக்குப் போவதில்லை. “இந்த முகவரியில் உள்ள பக்கம் வேண்டும்” என்று ப்ராக்ஸியிடம் சொல்கிறது, அது போய் எடுத்து வருகிறது. போவதற்கு முன் தன் கையில் இருக்கும் பட்டியலைப் பார்க்கிறது. பட்டியலில் இருந்தால் போகாது. சிவப்புப் பக்கத்தைக் காட்டும். இருபது பேருக்கும் ஒரே உதவியாளர் என்பதால், என்ன கேட்டோம், எத்தனை மணிக்குக் கேட்டோம், கொடுத்தாரா மறுத்தாரா என்பதெல்லாம் அவருடைய குறிப்பேட்டில் இருக்கும். இந்தக் குறிப்பேடு பின்னால் நமக்கு உதவும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இப்போது பெரும்பாலான தளங்கள் ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்குகின்றன. அது ஒட்டி முத்திரை வைத்த உறை. தபால்காரருக்கு உறையின் மேல் உள்ள முகவரி தெரியும், உள்ளே இருக்கும் கடிதம் தெரியாது. அதேபோல் ப்ராக்ஸிக்கும் தளத்தின் பெயர் தெரியும். அந்தத் தளத்தில் எந்தப் பக்கத்தைப் படிக்கிறோம் என்பது சாதாரணமாகத் தெரியாது. ஆகவே ஒரு தளத்தில் ஒரு பக்கம் மட்டும் கெட்டது என்றாலும் தளம் முழுவதையும் தடுத்துவிடுவதுதான் அதற்கு எளிது. சில இடங்களில் ப்ராக்ஸி உறையைப் பிரித்துப் படித்துவிட்டு, தன் முத்திரையைப் போட்டு ஒட்டித் தருவதும் உண்டு. அப்படிச் செய்யும் இடத்தில், அந்த முத்திரையை ஏற்கும் சான்றிதழ் ஒவ்வொரு கணினியிலும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் “உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல” என்ற எச்சரிக்கை வரும். நாம் அதைப் பார்த்துவிட்டுத் தளம் ஆபத்தானது என்று நினைத்துக்கொள்வோம். குரோமில் திறக்கும் தளம் ஃபயர்ஃபாக்ஸில் எச்சரிக்கை காட்டினால் காரணம் இதுவாகவும் இருக்கலாம். ஃபயர்ஃபாக்ஸ் தன் சான்றிதழ்களைத் தனிப் பெட்டியில் வைத்துக்கொள்ளும்.

சரி, தடுப்பா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? திரையில் வரும் வாசகத்தை முழுமையாகப் படியுங்கள். இது மிக எளிய அறிவுரை. ஆனால் யாரும் செய்வதில்லை. ஆங்கிலத்தில் நான்கு வரி வந்ததும் மூடிவிடுகிறோம். 404 என்று வந்தால் முகவரி தவறு அல்லது அந்தப் பக்கம் நீக்கப்பட்டுவிட்டது, தடுப்பு அல்ல. 403 வந்தால் மறுப்பு. ஆனால் மறுத்தது ப்ராக்ஸியா, அந்தத் தளமேவா என்று பார்க்க வேண்டும். 407 என்றால் ப்ராக்ஸி நம்மிடம் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. 504 என்றால் ப்ராக்ஸி போய்ப் பார்த்தது, அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. ‘ப்ராக்ஸி கனெக்‌ஷன் ஃபெயில்டு’ என்றால் நம் கணினியால் ப்ராக்ஸியையே எட்ட முடியவில்லை. வேறு ஆய்வகத்தில் இருந்த கணினியைத் தூக்கி வந்து வைத்தால் பழைய அமைப்பு அப்படியே இருந்து இந்த வேலையைக் காட்டும். ‘டன்னல் கனெக்‌ஷன் ஃபெயில்டு’ என்று வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். எச்டிடிபிஎஸ் தளத்தை ப்ராக்ஸி மறுக்கும்போது பல நேரம் சிவப்புப் பக்கம் வராது. உறைக்குள் தன் பக்கத்தை நுழைக்க அதனால் முடியாததால் இந்த வறட்டு வாசகம்தான் வரும். ‘சர்வர் ரிப்பேர்’ என்று நாம் விட்டுவிடுவதில் பாதி உண்மையில் தடுப்புதான்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு கணினியில் எந்தத் தளமும் திறக்கவில்லை, பக்கத்துக் கணினியில் எல்லாம் திறக்கிறது, ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று மட்டும் வருகிறது என்றால் திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். தேதி பல ஆண்டுகளுக்கு முந்தையதாக இருக்கும். தாய்ப்பலகையில் உள்ள சிஆர் 2032 காசு மின்கலம் தீர்ந்துவிட்டால், மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் கணினி தன் பழைய காலத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு தளத்தின் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. இன்று செல்லும் சான்றிதழ் அந்தப் பழைய தேதியில் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் உலாவி ஏற்க மறுக்கிறது. கைக்கடிகாரக் கடையில் அந்த மின்கலம் கிடைக்கும். அதற்காக யாருக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை.

பள்ளிக்குள்ளேயே இருக்கும் சர்வரில் நடத்தும் தேர்வு திறக்கவில்லை என்ற புகாரும் வருகிறது. அந்த முகவரி எண்களால் ஆனதாக, பெரும்பாலும் 192 என்று தொடங்குவதாக இருக்கும். அடுத்த அறையில் இருப்பவரிடம் பேச ஊருக்கு வெளியே உள்ள உதவியாளரை அனுப்பினால் அவர் என்ன செய்வார்? ப்ராக்ஸி அமைப்பில் ‘உள் முகவரிகளுக்கு ப்ராக்ஸி வேண்டாம்’ என்ற கட்டத்தைத் தேர்வு செய்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை விலக்குப் பட்டியலில் எழுதுங்கள். முடிந்தது.

இவற்றையெல்லாம் கழித்த பிறகும் திறக்கவில்லை என்றால், அதே முகவரியை உங்கள் கைப்பேசியில், உங்கள் சொந்த டேட்டாவில் திறந்து பாருங்கள். அங்கேயும் திறக்காவிட்டால் தளமே படுத்திருக்கிறது. அங்கே திறந்து இங்கே எல்லாக் கணினியிலும் மறுத்தால் அது தடுப்பு. இனி, தவறான தடுப்பு எப்படி நேர்கிறது என்று பார்ப்போம்.

வடிகட்டிக்குப் பாடம் தெரியாது. எழுத்து மட்டும்தான் தெரியும். 1996இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவையில், இங்கிலாந்தில் உள்ள ஸ்கன்தார்ப் என்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயரைக் கொடுத்துக் கணக்குத் தொடங்க முடியவில்லை. அந்தப் பெயரின் நடுவில் நான்கு எழுத்துகள் சேர்ந்து ஓர் ஆபாசச் சொல்லாக அமைந்துவிட்டன. இன்றும் இந்த வகைக் கோளாறுக்கு ‘ஸ்கன்தார்ப் சிக்கல்’ என்றுதான் பெயர். ஊர்க்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்!

நமக்குப் பக்கத்தில் உள்ள எடுத்துக்காட்டு சொல்கிறேன். சூதாட்டத் தளங்களைத் தடுக்க ‘பெட்’ என்ற ஆங்கிலச் சொல்லை, அதாவது பி, ஈ, டி என்ற மூன்று எழுத்துகளை ஒருவர் தடைப்பட்டியலில் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் தேடும் ‘ஆல்ஃபபெட்’ பாட்டிலும் அந்த மூன்று எழுத்துகள் உண்டு. சமூக அறிவியல் ஆசிரியர் தேடும் ‘திபெத்’திலும் உண்டு. ‘டயபெடிஸ்’ என்ற நீரிழிவு நோயிலும் உண்டு. ‘எலிசபெத்’ ராணியும் தப்பமாட்டார். விளையாட்டுத் தளங்களை ஒழிக்க ‘கேம்’ என்ற சொல்லைத் தடுத்தால், இனச்செல்லைக் குறிக்கும் ‘கேமீட்’ என்ற சொல்லின் முதல் நான்கு எழுத்துகளும் அவையே. தாவரவியல் ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வயது வந்தோர் கல்வி பற்றிய தளத்துக்கு ஆங்கிலப் பெயர் ‘அடல்ட் எஜுகேஷன்’. அது என்ன கதிக்கு ஆளாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சொல் மட்டுமல்ல, புள்ளியும் காலை வாரும். ட்விட்டர் நிறுவனம் இணைப்புகளைச் சுருக்கப் பயன்படுத்திய முகவரி ‘டி டாட் சிஓ’. மொத்தமே மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும்தான். 2021 மார்ச்சில் ரஷ்யாவின் தகவல்தொடர்புக் கட்டுப்பாட்டு அமைப்பு ட்விட்டரின் வேகத்தைக் குறைக்க முற்பட்டபோது, இந்தத் துண்டு எந்தெந்தப் பெயரில் வருகிறதோ அவையெல்லாம் சேர்ந்து மந்தமாகின. மைக்ரோசாஃப்ட் டாட் காம் என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். கடைசி ‘டி’, புள்ளி, ‘சி’, ‘ஓ’. ரெடிட் டாட் காமும் அப்படியே. ஒரு நாட்டின் அரசு அமைப்புக்கே இது நடக்கும் என்றால், நம் பட்டியலைத் தயாரிப்பவரைக் கோபித்துக்கொள்வதில் பொருளில்லை. பெயரை முழுப் பெயராக, வலக்கோடியிலிருந்து ஒப்பிட வேண்டும். நடுவில் எங்காவது தென்படுகிறதா என்று தேடக்கூடாது. அவ்வளவுதான் விஷயம். புகார் எழுதும்போது “இது பெயரின் துண்டால் வந்த தடுப்பாக இருக்கலாம்” என்று ஒரு வரி சேர்த்தால், பார்ப்பவருக்கு எங்கே கைவைப்பது என்று உடனே தெரிந்துவிடும்.

இது சிரிப்பாக இருக்கிறது. சிரிப்பாக இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘தாவரங்கள் மற்றும் விலங்குகளில் இனப்பெருக்கம்’ என்ற பாடம் நம் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பாடத்துக்கு மகரந்தச் சேர்க்கை பற்றிய படங்களைத் தேடும்படி மாணவர்களுக்கு வேலை கொடுத்திருந்தேன். ஒரு மாணவி பாடநூலில் இருந்த ஆங்கிலச் சொல்லை அப்படியே தட்டினாள். பாலினப்பெருக்கத்துக்கான சொல். திரை முழுவதும் சிவப்பு. ‘வகை: ஆபாசம். உங்கள் முயற்சி பதிவு செய்யப்பட்டது’ என்று பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு. பின்னால் இருந்த பையன்கள் பார்த்துவிட்டார்கள். ஒரு சிரிப்பு. அவள் மானிட்டரின் பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

“டீச்சர், நான் தப்பா ஒண்ணும் தேடல டீச்சர்.”

அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலாம் என்று தோன்றியது. அவள் கையில் பாடநூல் விரித்தபடி இருந்தது. எந்தச் சொல்லைத் தட்டினாள் என்பதை விரலால் காட்டிக்கொண்டே நின்றாள், சாட்சி சொல்வதைப் போல.

நான் மானிட்டரை மறுபடி போட்டேன். அதே சொல்லை என் கையால் தட்டினேன். அதே சிவப்பு வந்தது. “பாத்தீங்களா, எனக்கும்தான் ஆபாசம்னு வருது. இந்தக் கம்ப்யூட்டருக்குப் பூவோட மகரந்தமும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. அதுக்கு எழுத்து மட்டும்தான் தெரியும்” என்று வகுப்புக்கே சொன்னேன். பிறகு ‘அடல்ட் எஜுகேஷன்’ கதையையும் ‘ஆல்ஃபபெட்’ கதையையும் சொல்லி, வேறு எந்தெந்த நல்ல சொற்கள் மாட்டும் என்று பையன்களையே பட்டியல் போடச் சொன்னேன். சிரித்தவன்தான் நிறைய எழுதினான். ஆனாலும் அந்தப் பெண் அடுத்த மூன்று ஆய்வக வகுப்புகளுக்கு ஏதேதோ காரணம் சொல்லி வகுப்பறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான்காவது முறை நானே போய் அழைத்து வந்தேன்.

ஒரு தளம் திறக்காவிட்டால் ஒரு பாடவேளை வீணாகும், அது போகட்டும். ஆனால் வளரிளம் பருவத்துப் பெண் தன் உடலைப் பற்றி, மாதவிடாயைப் பற்றி, மார்பகப் புற்றுநோயைப் பற்றித் தேடும்போது ‘ஆபாசம்’ என்ற சொல் முகத்தில் அறைந்தால், அவள் அடுத்த முறை தேடமாட்டாள், யாரிடமும் கேட்கவும்மாட்டாள். வடிகட்டி எந்தப் பிள்ளையைப் பாதுகாக்க வேண்டும் என்று வைத்தோமோ அந்தப் பிள்ளையிடமே போய் நீ குற்றவாளி என்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை நாம் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். பாலியல் தொல்லையிலிருந்து தற்காத்துக்கொள்வது பற்றிய பக்கங்களில் வடிகட்டிக்குப் பிடிக்காத சொற்கள் இருக்கத்தான் செய்யும். உங்கள் ஆய்வகத்தில் அந்தப் பக்கங்கள் திறக்கின்றனவா என்று, மாணவர்கள் இல்லாத நேரத்தில், ஒருமுறை நீங்களே சோதித்துப் பாருங்கள். இன்று நான் சொன்னதில் இந்த ஒன்றை மட்டும் செய்தாலும் எனக்குப் போதும்.

அதனால் வடிகட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும். பதினொரு வயதுப் பிள்ளையைத் திறந்த இணையத்தில் தனியே விடுவது நடுச்சாலையில் விடுவதுதான். அமெரிக்காவிலும் இணையச் சலுகை பெறும் பள்ளிகளும் நூலகங்களும் வடிகட்டி வைக்க வேண்டும் என்று 2000இல் சட்டம் கொண்டுவந்தார்கள். நூலகங்களில் அது பேச்சுரிமைக்கு எதிரானது என்று வழக்குப் போனது. 2003இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பில் முக்கியமான ஒரு காரணம், வயது வந்த ஒரு வாசகர் கேட்டால் நூலகர் தடுப்பை எளிதாக நீக்கித் தர முடியும் என்பது. தடுப்பதற்கு ஓர் ஏற்பாடு இருந்தால், கேட்டவுடன் திறப்பதற்கும் ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும். நம் பள்ளிகளில் முதல் ஏற்பாடு இயந்திரத்தில் இருக்கிறது. இரண்டாவது ஏற்பாடு நாம் எழுதும் கடிதத்தில்தான் இருக்கிறது. எழுதாவிட்டால் அது இல்லை.

கடிதத்துக்கு வருவதற்கு முன் பாதித் தடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். விக்கிப்பீடியா திறக்கிறது, கட்டுரை வருகிறது, படங்கள் மட்டும் வெற்றுக் கட்டமாக இருக்கின்றன என்பார்கள். விக்கிப்பீடியாவின் படங்கள் விக்கிப்பீடியா முகவரியில் இல்லை. ‘அப்லோடு டாட் விக்கிமீடியா’ என்று தொடங்கும் வேறு முகவரியிலிருந்து வருகின்றன. யூடியூப் பக்கம் வரும், காணொளி சுற்றிக்கொண்டே இருக்கும். காணொளி வருவது ‘கூகுள்வீடியோ’ என்ற முகவரியிலிருந்து. ஒரு வீட்டுக்கு மளிகை ஒரு கடை, பால் ஒரு கடை என்று வருவதைப் போல, இன்றைய ஒரு பக்கத்துக்குச் சரக்கு பத்துப் பன்னிரண்டு கடைகளிலிருந்து வருகிறது. ஒரு கடையை மூடினால் சமையல் பாதியில் நிற்கும். எந்தக் கடை என்று கண்டுபிடிக்க, விசைப்பலகையில் எஃப் 12 பொத்தானை அழுத்தி ‘நெட்வொர்க்’ என்ற பகுதியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். வரிசையாக ஒரு பட்டியல் ஓடும். சிவப்பில் நிற்கும் வரியில் உள்ள முகவரிதான் நமக்கு வேண்டியது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் அறிவியல் பாவனைகளை நம்மில் பலர் பயன்படுத்துகிறோம். அதுபோன்ற தளங்கள் ‘விளையாட்டு’ என்ற வகையில் மாட்டிக்கொண்டாலும் இதே முறையில் பார்க்கலாம்.

தமிழ்த் தளங்களுக்குத் தனித் தொல்லை உண்டு. வடிகட்டிப் பட்டியல்களில் பெரும்பகுதி ஆங்கிலத் தளங்களைப் பார்த்து உருவானவை. சிறிய தமிழ்த் தளம் எந்த வகையிலும் சேராமல் ‘வகைப்படுத்தப்படாதது’ என்று கிடக்கும். வகை தெரியாததைத் தடு என்று அமைத்திருந்தால் போச்சு. நம் ஆசிரியர்கள் வைத்திருக்கும் வலைப்பூக்கள் ‘தனிப்பட்ட வலைப்பதிவு’ என்ற வகையில் மொத்தமாகப் போகும். மொழிபெயர்ப்புத் தளங்களையும் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் தளங்களையும் ‘ப்ராக்ஸியை ஏமாற்றும் வழி’ என்ற வகையில் சேர்த்திருப்பார்கள். அவற்றின் வழியாக வேறு பக்கங்களைத் திறக்க முடியும் என்பதால் அதில் நியாயமும் இருக்கிறது. இன்னொரு பக்கம், ஆங்கிலத்தில் பாடச் சொல்லையே தடுக்கும் வடிகட்டி, தமிழில் உண்மையிலேயே மோசமாக எழுதப்பட்டதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஆகவே வடிகட்டி இருக்கிறது என்று நாம் மேசையில் உட்கார்ந்து பதிவேடு எழுதிக்கொண்டிருக்க முடியாது. வரிசைக்கு நடுவில் நடந்துகொண்டுதான் இருக்க வேண்டும்.

தமிழ் முகவரி பற்றி ஒரு சிறு குறிப்பு. தமிழ் விக்கிப்பீடியா முகவரியை நகலெடுத்து ஒட்டினால் சதவீதக் குறிகளும் எண்களுமாக நீண்ட வால் வரும். கணினிக் கணக்கில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று இடம் பிடிக்கும். ‘அம்மா’ என்பது கணினிக்கு ஐந்து குறியீடுகள். முகவரியில் 45 இடம். இவ்வளவு நீளத்தைப் பார்த்து யாராவது பாதியை வெட்டி அனுப்பினால் திறக்காது. அதைத் தடுப்பு என்று நினைத்துக் கிளம்பிவிடாதீர்கள்.

இப்போது கடிதம். “பல பயனுள்ள இணையதளங்கள் தடுக்கப்பட்டுள்ளதால் கற்றல் கற்பித்தல் பாதிக்கப்படுகிறது, ஆவன செய்ய வேண்டுகிறேன்” என்று எழுதினால் ஆவன ஒன்றும் நடக்காது. எதைச் செய்வது என்று அதில் இல்லையே! நான் எழுதும் கடிதம் இப்படி இருக்கும்:

“இன்று காலை 10.42 மணிக்கு, எங்கள் ஆய்வகத்தின் 7ஆம் எண் கணினியில் (அதன் ஐபி எண் கீழே) பின்வரும் முகவரியைத் திறந்தபோது தடுப்புப் பக்கம் வந்தது. அதில் வகை ‘ஆபாசம்’ என்று இருந்தது, திரைப்படம் இணைத்துள்ளேன். ஆய்வகத்தின் மற்ற கணினிகளிலும் இதே நிலை. கைப்பேசி டேட்டாவில் திறக்கிறது. இது பத்தாம் வகுப்பு அறிவியல் இனப்பெருக்கப் பாடத்துக்கு வேண்டியது. முழுப் பக்கத்தையும் படித்துப் பார்த்தேன், மாணவர்களுக்கு ஏற்றது. இந்தத் தளத்தை மட்டும் அனுமதித்தால் போதும், வகை முழுவதையும் திறக்க வேண்டியதில்லை.”

மணியை நிமிடத்தோடு ஏன் எழுதுகிறேன்? அந்த உதவியாளரின் குறிப்பேட்டை நினைவிருக்கிறதா? ஸ்குவிட் போன்ற ப்ராக்ஸிகளில் ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு வரி. மறுத்திருந்தால் ‘டினைடு’ என்று அந்த வரியிலேயே இருக்கும். அந்தக் குறிப்பேட்டில் நேரம்கூட நம்மைப் போல எழுதப்படுவதில்லை. 1970 ஜனவரி 1 முதல் எத்தனை விநாடி கடந்தது என்ற பத்திலக்க எண்ணாக இருக்கும். ஆயிரக்கணக்கான வரிகளில் நம் வரியைத் தேட நேரமும் கணினி எண்ணும் இருந்தால் நொடியில் கிடைக்கும். இல்லாவிட்டால் வைக்கோற்போரில் ஊசி. மாணவர் பெயரை மட்டும் கடிதத்தில் எழுதாதீர்கள். அது யாருக்கும் தேவையில்லை.

கடைசி வரியும் முக்கியம். ‘வகை முழுவதையும் திறக்க வேண்டாம்’ என்று நாமே எழுதினால், பொறுப்பில் இருப்பவருக்குத் துணிவு வரும். எந்த அலுவலகமும் பெரிய கதவைத் திறக்கத் தயங்கும். ஒரு சன்னலைக் கேட்டால் கொடுக்கும். நான் அந்தப் பாடத்துக்காக மூன்று தளங்களைக் கேட்டேன். இரண்டு திறந்தன. மூன்றாவதற்கு இரண்டு நினைவூட்டல் அனுப்பியும் பதில் இல்லை. அதில் இருந்த படங்களை வீட்டில் பதிவிறக்கி, பென் டிரைவில் கொண்டு வந்து காட்டி வருகிறேன். பாடம் யாருக்காகவும் காத்திருக்காது இல்லையா?

திறந்துவிட்டோம் என்று பதில் வந்த பிறகும் சிவப்புப் பக்கமே வந்தால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். உலாவி பழைய பக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு காட்டும். கன்ட்ரோல் விசையோடு எஃப் 5 அழுத்துங்கள், அல்லது மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள்.

இலவச விபிஎன் பற்றி ஒரு தோழர் இடைவேளையில் கேட்டார். அதைப் போட்டால் எல்லாம் திறக்குமே என்றார். திறக்கும். ஆனால் நம் பள்ளியின் உதவியாளரைத் தள்ளிவிட்டு, முகம் தெரியாத ஒருவரிடம் சீட்டைக் கொடுக்கிறோம் என்று பொருள். அதே கணினியில்தான் எமிஸ் கடவுச்சொல்லைத் தட்டுகிறோம். நம் பிள்ளைகளின் ஆதார் எண், கைப்பேசி எண் எல்லாம் அங்கே இருக்கிறது. அதோடு, டீச்சர் எப்படிச் சுற்றிக்கொண்டு போனார் என்பதை முப்பது கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும். மறுநாள் அவர்கள் போகும் இடம் மகரந்தச் சேர்க்கையாக இருக்காது.

இனி செய்முறை. ஒவ்வொரு குழுவுக்கும் ஆறு முகவரிகள் கொண்ட தாள் தந்திருக்கிறேன். சில திறக்கும், சில திறக்காது. ஒன்றில் வேண்டுமென்றே எழுத்துப்பிழை வைத்திருக்கிறேன். ஒரு கணினியில் தேதியை மாற்றி வைத்திருக்கிறேன், எது என்று சொல்லமாட்டேன். திறக்காத ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுதுங்கள். உண்மையான தடுப்பு என்று முடிவு செய்வதற்கு மட்டும் கடிதம் எழுதுங்கள். பன்னிரண்டு மணிக்குக் கடிதங்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு படிப்போம். தேநீர் வந்துவிட்டது, குடித்துக்கொண்டே தொடங்கலாம்.